மேல்டிவிசன் பீலி மீள்கையளிப்பு விழா

மேல்டிவிசன் பெண்கள் இனிமேல் பீலியில் தண்ணீர் பிடிக்கக் கூடாது என்று அதிகாரசபை அறிவித்தபோது, அதைத் தமிழில் அறிவித்தவள் நான். முன்வரிசையில் என் அக்கா சுகிர்தா வெறும் கேனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூட்டம் முடிந்ததும் அப்படியே தண்ணீர் பிடித்துக்கொண்டு போகலாம் என்று வந்தவள்.

நான் பகலில் அதிகாரசபையில் ஒப்பந்த மொழிபெயர்ப்பாளர். மாலையில் கண்டியில் மொழிபெயர்ப்பு டிப்ளோமா வகுப்புக்குப் போகிறேன். நடந்ததை முதலில் எழுது, நினைத்ததைப் பிறகு எழுது என்று வகுப்பில் ஒரு முறை சொல்லித் தந்திருக்கிறார்கள். அந்த முறைப்படி நாட்குறிப்பு எழுதி வருகிறேன். இந்த விஷயத்தில் அந்த முறை எனக்குச் சரியாக உதவவில்லை. நடந்தவையே யாரோ உட்கார்ந்து யோசித்தவை போல இருந்தன. ஆனாலும் இயன்றவரை நடந்த ஒழுங்கிலேயே சொல்கிறேன்.

எங்கள் டிவிசன் ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே, பஸ் திரும்பிப் போகும் இடத்திலிருந்து இன்னும் ஏறிப் போக வேண்டிய இடம். தேயிலைத் தோட்டத்தின் தகரக் கூரை போட்ட லயங்கள்; லயம் முழுக்க வரிசையாகக் காம்பிரா என்ற ஒற்றை அறை வீடுகள். காற்று தூக்கிவிடாமல் தகரத்தின்மேல் கல்லும் பழைய டயரும் வைத்திருப்போம். மழைக்கு ஒழுகாத காம்பிரா என்று ஒன்றைக் காட்டுவது கஷ்டம். எங்களிடம் இருந்த ஒரே நல்ல பொருள் பீலி. பாறை வெடிப்பிலிருந்து வரும் ஊற்றுக்கு ஒரு குழாய் சொருகியிருந்தார்கள். எந்தக் கோடையிலும் அது நின்றதில்லை. சமையலுக்கும் குடிக்கவும் குளிக்கவும் அந்தத் தண்ணீர்தான்.

பீலிக்குக் கீழே இருந்த சேற்று நிலத்தில் நீலக்கல் இருக்கிறது என்ற செய்தி போன வருடம் பரவியது. பரவிய வேகத்தில் மலைநாட்டு மணிவளச் சுபிட்ச அதிகாரசபை வந்து சேர்ந்தது. அதன் அலுவலகம் கண்டியில், கட்டுகஸ்தோட்டை வீதியில் ஒரு வாடகைக் கட்டடத்தில் இருக்கிறது. அந்தக் கட்டடத்தின் கூரை ஒழுகாது.

தொடக்க விழாவுக்குப் பணிப்பாளர் கலாநிதி எகொடகெதர வந்தார். குத்துவிளக்கு ஏற்றி, பால்சோறு வெட்டி, பெயர்ப்பலகைத் திரையை விலக்கிவிட்டுப் பேசினார். அவர் சிங்களத்தில் பேசப் பேச நான் தமிழில் சொன்னேன்.

"இந்த மக்கள் பரம்பரை பரம்பரையாக மண்ணுக்கு மேலே உழைத்தார்கள். மண்ணுக்குக் கீழே இருப்பதும் இனி அவர்களுடையதே. உணர்வு ரீதியாக."

கைதட்டினார்கள். பின்வரிசையிலிருந்து யாரோ, "உணர்வுன்னா எவ்வளவு?" என்று கேட்டார்கள். பணிப்பாளர் சிரித்துவிட்டு விளக்கினார்.

"சட்ட ரீதியான உரிமை என்றால் வரி வரும், வழக்கு வரும், அண்ணன் தம்பிக்குள் சண்டை வரும். உணர்வு ரீதியான உரிமையில் அந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை. தொல்லைகளை எல்லாம் அதிகாரசபை ஏற்றுக்கொள்கிறது."

அன்றைய அறிக்கையில் 'உள்ளூர் வேலைவாய்ப்பு: ஒருவர்' என்று இருந்தது. அந்த ஒருவர் நான்தான் என்று எனக்குப் பிறகு தெரிந்தது.

குழி வெட்ட இரத்தினபுரிப் பக்கமிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் குணே பாஸ். அமைதியான மனிதர். குழிக்குப் பக்கத்தில் சப்பாத்தைக் கழற்றி வைப்பார், காலையில் ஒரு சிறு விளக்கு ஏற்றுவார். வந்த அன்றே அவர் ஒரு வழக்கத்தைச் சொன்னார். பெண்கள் குழி வாய்க்கு வரக் கூடாது. வந்தால் கல் ஒளிந்துகொள்ளும். அவருடைய அப்பா காலத்திலிருந்து அப்படித்தான்.

அவர் சொன்னது குழி வாயை மட்டும். அதாவது எட்டிப் பார்க்கும் தூரம். அத்துடன் விட்டிருந்தால் எங்களுக்கு ஒன்றும் வந்திருக்காது. குழிக்குள் எட்டிப் பார்க்க எங்களில் யாருக்கும் நேரமில்லை. ஆனால் அதிகாரசபையில் பண்பாட்டு மதிப்பளிப்புப் பிரிவு என்று ஒன்று இருந்தது. மதிப்பை எவ்வளவு கூட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்று அவர்கள் கருதினார்கள். ஆகவே குழியைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டினார்கள். பிறகு ஜீப் நிறுத்த இடம் வேண்டும் என்று கயிற்றைத் தள்ளிக் கட்டினார்கள். பிறகு பெரிய பனர் ஒன்று வந்தது. அதற்கும் இடம் வேண்டும் என்று இன்னும் தள்ளிக் கட்டினார்கள். கடைசியில் பீலி கயிற்றுக்கு உள்ளே போய்விட்டது. கயிற்றைத் தாண்டி எந்தப் பெண்ணாவது வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை வர்ணப் புத்தகமாக அச்சடித்தார்கள்: வேலை உடனே நிறுத்தப்பட வேண்டும், சாந்தி செய்ய வேண்டும், சோதிடரிடம் நல்ல நேரம் பெற வேண்டும், நேரத்துக்கு உபகுழுவின் அனுமதி பெற வேண்டும்.

நான் முதலில் சொன்ன அறிவித்தல் கூட்டம் இதற்காகத்தான் நடந்தது. நான் சொல்லி முடித்ததும் அக்கா எழுந்தாள்.

"அப்ப தண்ணிக்கு நாங்க எங்க போறது?"

நான் சிங்களத்தில் கேட்டேன். பணிப்பாளர் தலையை ஆட்டினார்.

"நல்ல கேள்வி. பதிந்துகொள்ளுங்கள்."

சமூக இணைப்பாளர் ஸ்ரீதரன் பதிந்துகொண்டார். அவர் கண்டி டவுனைச் சேர்ந்தவர், மடிப்புக் கலையாத சேர்ட் போடுபவர், அலுவலகத்தில் என்னைத் தவிர இருந்த ஒரே தமிழர். அவர்தான் எழுந்து பதில் சொன்னார்.

"ஆம்பளைங்க போகலாந்தானே தங்கச்சி? ஆம்பளைங்களுக்குத் தடையில்ல."

"எங்க வீட்டு ஆம்பள கொழும்புல சாப்பாட்டுக் கடையில கோப்ப கழுவுறாரு. அங்கருந்து வந்து ஒரு கேன் புடிச்சிட்டுத் திரும்பப் போகச் சொல்லவா?"

பெண்கள் சிரித்தார்கள். லயத்தில் இருந்த ஆண்களில் பெரும்பாலோர் கொழும்பில்தான். மீதியிருந்தவர்கள் நடக்கவே தடி பிடிப்பவர்கள். ஸ்ரீதரன் அண்ணன் இதையும் பதிந்துகொண்டார். பிறகு தேநீர் கொடுத்தார்கள். தேநீருக்குத் தண்ணீர் பீலியிலிருந்து வந்தது.

அக்காவுக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. இரண்டாவது மாதமோ மூன்றாவதோ. மற்றப் பெண்களைப் போல அவளும் கீழே ஓடைக்கு இறங்க ஆரம்பித்தாள். அட்டை நெளியும் புல் வழியாக இறங்கிப் போய், கலங்கிய தண்ணீரைத் துணியில் வடித்துக் கேனில் நிரப்பி, திரும்ப ஏற வேண்டும். கொழுந்து மலையில் நாள் முழுக்க ஏறி இறங்கிய பிறகு இது.

அடுத்ததாக அதிகாரசபை நடத்தியது 'பெண்களும் மணிவளமும்' என்ற வலுவூட்டல் பட்டறை. நிதி கொடுத்தவர்களின் நிபந்தனைப்படி அதைச் சுரங்க இடத்திலேயே நடத்த வேண்டும். அதிகாரசபையின் விதிப்படி பெண்கள் அந்த இடத்துக்கு வரக் கூடாது. ஆகவே பேச்சாளர்கள் குழிக்குப் பக்கத்தில் மேடையிலும், பெண்கள் கயிற்றுக்கு வெளியே மேட்டில் ஒரு கூடாரத்திலும் இருந்தார்கள். நானும் பெண் என்பதால் கூடாரத்தில்தான் நின்றேன். பேச்சு ஒலிபெருக்கியில் மேலே வரும். நான் அதைத் தமிழில் சொல்வேன். காற்று அடித்தபோது பாதி பேச்சு பள்ளத்தாக்குப் பக்கம் போய்விட்டது. போன பாதியை நான் ஊகித்துச் சொன்னேன். சரியாக ஊகித்தேனா தெரியாது. யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை.

"முன்னேற்றத்தின் முதல் வரிசையில் பெண்கள் நிற்க வேண்டும்" என்றார் பணிப்பாளர், கயிற்றுக்கு உள்ளேயிருந்து. பிறகு 'நீரைச் சேமிப்போம்' என்ற கைந்நூலை எல்லோருக்கும் கொடுக்கச் சொன்னார். பல் துலக்கும்போது குழாயை மூடிவைக்கவும் என்பது அதில் முதல் அறிவுரை.

அக்கா அதை வாசித்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"ஏண்டி, இவங்க நம்மளுக்கு கொழா குடுக்கப் போறாங்களா?"

"இல்லக்கா."

"அப்ப மூடுறதுக்கு மட்டுமா?"

மேடையில் ஒவ்வொரு கதிரைக்கு முன்னாலும் ஒரு தண்ணீர்ப் போத்தல் இருந்தது. பாதி குடித்த போத்தல்களைப் பட்டறை முடிந்ததும் தரமுடியுமா என்று பெண்கள் கேட்டார்கள். அவை விருந்தினர் செலவினத்தின் கீழ் வாங்கப்பட்டவை, சமூகத்துக்கு வழங்கினால் கணக்காய்வில் சிக்கல் வரும் என்று ஸ்ரீதரன் அண்ணன் வருத்தத்துடன் சொன்னார். அவர் உண்மையிலேயே வருந்தினார். அவர் முகத்தை நான் பார்த்தேன்.

மழை தொடங்கிய வாரம் அக்கா ஓடைப் பாதையில் வழுக்கி விழுந்தாள். கேன் உருண்டு பள்ளத்துக்குப் போய்விட்டது. பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆனால் இனிப் பாரம் தூக்கி ஏறி இறங்கக் கூடாது என்றும் சொன்னார்கள். அக்கா வீட்டுக்கு வந்தாள். மறுநாள் பக்கத்துக் காம்பிராவில் ஒரு கேன் இரவல் வாங்கிக்கொண்டு, நேராக நடந்து போய், மஞ்சள் கயிற்றைத் தூக்கி, குனிந்து உள்ளே நுழைந்து, பீலியில் தண்ணீர் பிடித்தாள்.

குணே பாஸ் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கோபம் வரவில்லை. குழிக்குள் இருந்தவர்களை மேலே ஏறச் சொன்னார். நான் கயிற்றுக்கு வெளியே நின்று அவரிடம் கேட்டேன்: அக்கா குழிப் பக்கம் வரவேயில்லையே, ஏன் வேலையை நிறுத்துகிறீர்கள்?

"எனக்குக் குழி வாய்க்கு வராமல் இருந்தால் போதும் மகள்" என்றார். "ஆனால் சபையின் புத்தகத்தில் கயிறு என்று போட்டிருக்கிறதே. வேலை செய்தால் சம்பளம் வெட்டுவார்கள்."

சாந்தி நடந்தது. சோதிடர் நல்ல நேரம் குறித்தார். உபகுழு கூடும் முன்பே அந்த நேரம் போய்விட்டது. மறுபடி நேரம் குறித்தார்கள். கடைசியில் குழி வேலை தொடங்கிய அன்று காலை, பக்கத்து லயத்துச் சந்திரிகா கேனுடன் கயிற்றைத் தாண்டினாள்.

அவள் தற்செயலாகத்தான் போனாள் என்று முதலில் நினைத்தேன். மாலையில் லயத்துக்குப் போனபோது வாசலில் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்தாப்புல யாரு மொற?"

"எனக்கு நாளைக்கி செக்ரோல்ல சம்பளப் பிரச்சின, தோட்டத்துத் துரையப் பாக்கணும். சிந்துஜா போகட்டும்."

"நான் போனா எனக்கு மட்டுந்தான் புடிப்பேன், ஒங்க கேனெல்லாம் தூக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

"போடி, கயிறு தாண்டுறதே பொது வேல. ஆளுக்கொரு கேன் கொண்டா."

பீலிக்கு எப்போதும் முறை உண்டு. எந்த லயம் முதலில், எந்த லயம் பிறகு என்று. இது அந்த முறையின் தொடர்ச்சி. குழி வேலை தொடங்கும் நாளில் ஒருத்தி தாண்டுவாள். வேலை நிற்கும். சாந்தி, சோதிடர், உபகுழு. அந்த நாட்களில் எல்லோரும் தண்ணீர் பிடிப்பார்கள், ஏனென்றால் ஏற்கெனவே தீட்டான இடத்தில் மறுபடி தீட்டு ஏற்படுவது பற்றிப் புத்தகத்தில் எதுவும் எழுதப்படவில்லை.

பல வாரங்கள் குழியில் மண் எடுக்கவில்லை. கண்டியில் அவசரக் கூட்டம் கூடியது. மீன் பணிஸும் தேநீரும் வைத்திருந்தார்கள். என்னைக் குறிப்பெடுக்கச் சொன்னார்கள்.

தண்ணீர் பவுசர் லொறி அனுப்பலாம் என்று ஒருவர் சொன்னார். அதற்குச் செலவினத் தலைப்பு இல்லை. கயிற்றைச் சுருக்கிக் கட்டலாம் என்று நான் மெதுவாகச் சொன்னேன். பண்பாட்டு மதிப்பளிப்புப் பிரிவின் தலைவர் என்னைப் பார்த்த விதத்தில், நான் ஏதாவது கெட்ட வார்த்தை சொல்லிவிட்டேனோ என்று தோன்றியது.

"மதிப்பைச் சுருக்குவதா?" என்றார்.

பணிப்பாளர் நீண்ட நேரம் கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். பிறகு கண்ணைத் திறந்தார்.

"பெண்கள் தாண்டினால்தானே தீட்டு?"

"ஆம் சேர்."

"தாண்டுகிறவர்கள் பெண்கள் இல்லையென்றால்?"

யாரோ பணிஸைத் தட்டில் வைத்தார்கள்.

சுற்றறிக்கையைச் சட்டப் பிரிவு எழுதியது. அதைத் தமிழாக்கும் வேலை எனக்கு வந்தது. வகுப்பில் படித்ததையெல்லாம் நினைத்து ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தேன். எப்படி மாற்றி எழுதினாலும் அது சொன்னதையே சொன்னது: மேல்டிவிசனில் நிரந்தர வதிவிடம் கொண்ட பெண்கள், மறு அறிவித்தல் வரை, அதிகாரசபையின் நோக்கங்களுக்கு மட்டும், பெண்கள் அல்லர்.

குணே பாஸ் அதை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"சேர் எழுதிக் கொடுத்தால் சரி. பாவம் வந்தால் எழுதியவருக்கு" என்றார். சுற்றறிக்கையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, விளக்கு ஏற்றும் இடத்தில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார். வேலை தொடங்கியது. பெண்கள் கயிற்றைத் தாண்டிப் போய்த் தண்ணீர் பிடித்தார்கள். யாரும் தடுக்கவில்லை.

எல்லோரும் வென்றதாகவே முதலில் தோன்றியது. அதை அன்று நாட்குறிப்பில் எழுதி, பிறகு வெட்டினேன்.

என் நிரந்தர வதிவிடமும் மேல்டிவிசன்தான். அலுவலகத்துப் பெண்கள் கழிவறைச் சாவியை எனக்குக் கொடுக்கலாமா என்று பிரதான எழுதுநர் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பினார். கடிதம் உபகுழுவுக்குப் போனது. தீர்மானம் வரும்வரை நான் வீதிக்கு அந்தப் பக்கம் இருந்த சாப்பாட்டுக் கடைக்குப் போய் வந்தேன். அலுவலக வேன் ஓட்டும் திகனை ஜமால்தீன், அண்ணன் முறையில் நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், இதைக் கேள்விப்பட்டு வேனை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"அல்லாவே! ஒங்கட சபைக்கு மூளை ஈக்கா இல்லையா புள்ள? நாளைக்கு என்னையப் பாத்து நீ டிரைவர் இல்லை, வேன்தான் ஓடுதுன்னு சொன்னா நான் என்ன செய்ய?"

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஒங்கட ராத்தாக்கு எப்ப?" என்று கேட்டார். அக்காவைத்தான் கேட்டார்.

"இன்னும் கொஞ்ச மாசம் இருக்கு நானா."

"எந்த நேரம் எண்டாலும் போன்ல கோல் எடுங்க. சபைட்ட கேக்காம வாறேன்."

அதிகாரசபை கர்ப்பிணித் தாய்மாருக்குப் போஷாக்குப் பொதி கொடுக்கும் திட்டம் ஒன்றைத் தொடக்க விழாவிலேயே அறிவித்திருந்தது. பால்மா, பருப்பு, கடலை. அந்த மாதம் பொதிகள் வந்தன. அக்கா வரிசையில் முதலாவதாக நின்றாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. ஸ்ரீதரன் அண்ணன் பொதியைக் கையில் எடுத்துவிட்டு, மறுபடி கீழே வைத்தார்.

"தங்கச்சி, கோவிச்சுக்காதீங்க. இது பெண்களுக்கான பொதி."

"அதான் வந்திருக்கேன்."

"சுற்றறிக்கைப்படி நீங்க இப்ப…"

அக்கா வயிற்றில் கைவைத்தாள். "அப்ப இது என்னாண்ணே, மரவள்ளிக் கெழங்கா?"

வரிசை சிரித்தது. ஸ்ரீதரன் அண்ணனும் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. அன்று பணிப்பாளரும் வந்திருந்தார், படம் எடுப்பதற்காக. அக்கா அவர் பக்கம் திரும்பினாள்.

"கேளு கிருஷா. நாங்க பொம்பளைங்க இல்லன்னா, குழியில வேல குடுக்கச் சொல்லு. ஆம்பள சம்பளத்துக்கு."

நான் கேட்டேன். பணிப்பாளர் பொறுமையாக விளக்கினார்.

"நீங்கள் பெண்கள் அல்ல என்றுதான் சொன்னோம். ஆண்கள் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது."

நான் அதைச் சொல்லி முடித்ததும் யாரும் சிரிக்கவில்லை. பொதிகள் வேனில் ஏறிக் கண்டிக்குத் திரும்பின. அறிக்கையில் 'விண்ணப்பித்த தகுதியான பயனாளிகள்: எவருமில்லை' என்று எழுதப்பட்டது. அந்த வரியையும் தமிழாக்கியது நான்தான். 'தகுதியான' என்ற சொல்லில் கொஞ்சம் தயங்கினேன். வேறு சொல் கிடைக்கவில்லை.

குழி ஆழமாகப் போனது. உள்ளே ஊறும் தண்ணீரை இறைக்க ஒரு மோட்டார் வந்தது. அது இரவு பகலாக ஓடியது. இறைத்த தண்ணீர் சேறாகப் பள்ளத்தில் இறங்கி, கீழே ஓடையையும் சேறாக்கியது. பீலியில் கை மொத்தத்துக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் விரல் மொத்தமானது. பிறகு நூல் மாதிரி ஆனது. ஒரு கேன் நிரம்புவதற்குள் ஒரு பெண் தலை பின்னி முடித்துவிடுவாள். யாருக்கும் தடை இல்லை. யார் வேண்டுமானாலும் கயிற்றைத் தாண்டி வந்து காத்திருக்கலாம்.

ஒரு நாள் பெரிய கல் கிடைத்தது. நாங்கள் அதைப் பார்க்கவில்லை. ஒரு வெள்ளைத் துணி ஜீப்பில் ஏறுவதைப் பார்த்தோம். அதற்கு 'மேல்மலையின் புன்னகை' என்று பெயர் வைத்ததாகப் பேஸ்புக்கில் அறிந்தோம். அது கண்டிக்குப் போய், பிறகு வேறெங்கோ போனது. எங்களுக்கு அதே அளவில் ஒரு கண்ணாடிக் கல்லை, தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விடும் பிள்ளை மடுவத்தில் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார்கள். மடுவத்துக் கூரை ஒழுகியதால் பெட்டி இருந்த மூலைக்கு மட்டும் புதுத் தகரம் போட்டார்கள். மழை பெய்தால் ஆயா பிள்ளைகளை அந்த மூலையில் நெருக்கி உட்கார வைப்பாள்.

அதற்குப் பிறகு குழியில் ஒன்றும் கிடைக்கவில்லை. குணே பாஸ் தன் ஆட்களுடன் போனார். போகும்போது விளக்கையும் சாமிப் படத்தையும் எடுத்துக்கொண்டார். சுற்றறிக்கையை விட்டுவிட்டார். அதே வாரத்தில் பீலி முழுதாக நின்றது.

நான் இதை அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்தேன். இரண்டு நாளில் பதில் வந்தது. பீலியை மக்களிடம் மீள்கையளிக்கும் விழாவுக்கு ஏற்பாடு நடப்பதாகவும், அழைப்பிதழைத் தமிழாக்கம் செய்து தரும்படியும் கேட்டிருந்தார்கள்.

விழாவுக்கு மஞ்சள் கயிற்றை அவிழ்த்து, அதையே பீலிக்கு முன்னால் ரிப்பனாகக் கட்டியிருந்தார்கள். மேடை, கூடாரம், பனர், ஒலிபெருக்கி, நேரலைக்கு ஒரு கெமரா. கண்டியிலிருந்து பெட்டி பெட்டியாகத் தண்ணீர்ப் போத்தல்கள் வந்தன. முதல் பயனாளியாக அக்காவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நிறைமாதக் கர்ப்பிணி, படத்துக்கு நன்றாக இருக்கும் என்று. இந்த ஒரு நாளைக்கு அவள் பெண்ணா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. அவள் கையில் ஒரு பித்தளைக் குடம் கொடுத்தார்கள். அதுவும் கண்டியிலிருந்துதான் வந்தது.

பீலி காய்ந்து கிடந்ததைப் பணிப்பாளர் ஜீப்பிலிருந்து இறங்கியதும் பார்த்தார். ஸ்ரீதரன் அண்ணனைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். ஸ்ரீதரன் அண்ணன் இரண்டு போத்தல்களை எடுத்துக்கொண்டு பாறைக்கு மேலே ஏறி, புதருக்குப் பின்னால், குழாயின் மறுமுனையில் குந்தினார். அவருடைய வெள்ளைச் சேர்ட் கிளைகளுக்கிடையே தெரிந்தது.

"எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுப்பதுதான் பெருந்தன்மை" என்றார் பணிப்பாளர். "இன்று நாங்கள் பெருந்தன்மையாக இருக்கிறோம்."

ரிப்பனை வெட்டினார். பீலியிலிருந்து தண்ணீர் வந்தது. அக்கா குடத்தைக் குழாயின் கீழே வைத்தாள். கைதட்டல். கெமரா அவள் முகத்துக்கு நெருங்கியது. பிறகு தண்ணீர் நின்றது.

அக்கா நகரவில்லை.

படம் எடுப்பவர் அவளைப் பார்த்துச் சிரித்து, குடத்தைத் தூக்கும்படி சைகை காட்டினார். அக்கா குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு பாறை மேட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"ஸ்ரீதரண்ணே! இன்னொன்னு ஊத்துங்க. கொடம் நெறையல."

புதர் அசைந்தது. மேட்டில் இரண்டாவது போத்தல் திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் வந்தது, நின்றது. அக்கா நகரவில்லை. நேரலை ஓடிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதயக்குறி அனுப்புவதாகக் கெமராக்காரர் பணிப்பாளரிடம் மெதுவாகச் சொன்னார். இப்போது நிறுத்த முடியாது. பணிப்பாளர் புன்னகையை மாற்றாமல் ஊழியர் ஒருவருக்குக் கண் காட்டினார். ஊழியர் ஒரு பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பாறை ஏறினார்.

"கொஞ்சம் சாய்ச்சு ஊத்துங்கண்ணே, வெளிய செதறுது" என்றாள் அக்கா.

ஒரு பெட்டி முடிந்தது. இன்னொரு பெட்டி ஏறியது. விருந்தினர்களுக்கு வைத்திருந்தவை முடிந்ததும் மேடைக் கதிரைகளுக்கு முன்னால் இருந்தவற்றை எடுத்தார்கள். ஒரு அதிகாரி குடித்துக்கொண்டிருந்த போத்தலை வாயிலிருந்து இறக்கிக் கொடுத்தார். கடைசியாகப் பணிப்பாளரின் போத்தலும் மேலே போனது. வெயிலில் அவர் உதட்டை நாக்கால் தடவிக்கொண்டார்.

குடம் கழுத்துவரை நிறைந்தது. அக்கா ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டாள். சந்திரிகா வந்து குடத்தை ஒரு பக்கம் பிடித்தாள். எல்லோரும் பலமாகக் கைதட்டினார்கள். பணிப்பாளர்தான் எல்லோரையும் விடப் பலமாகத் தட்டினார். முடிந்துவிட்டது என்ற நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது.

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"இது இன்னைக்கி. நாளைக்கி எத்தன மணிக்கு வருவீங்கன்னு கேளு."

நான் கேட்டேன். ஒரு சொல்லையும் யோசிக்கவில்லை.

பணிப்பாளர் கெமராவைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"நல்ல கேள்வி" என்றார். "பதிந்துகொள்ளுங்கள்."

பதிந்துகொள்ள வேண்டியவர் இன்னும் புதருக்குப் பின்னால் இருந்தார். அக்காவும் சந்திரிகாவும் குடத்துடன் மெதுவாக விலகினார்கள். அப்போதுதான் அவர்களுக்குப் பின்னால் வரிசை இருப்பதை நான் கவனித்தேன். அது கூடாரத்தைத் தாண்டி, ஜீப்புகளைத் தாண்டி, லயம்வரை போயிருந்தது. சிந்துஜா முன்னால் வந்து, காய்ந்த குழாயின் கீழே தன் கேனை வைத்துவிட்டு, பாறை மேட்டை அண்ணாந்து பார்த்தாள்.